நாற்பத்தோராவது பெயர்

மாப்ளே,

இன்று காலை பத்து மணிக்கு என் போனில் ஒரு செய்தி வந்தது. உங்கள் சிலிண்டர் வெற்றிகரமாக ஒப்படைக்கப்பட்டது, நன்றி. அதை வாசித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? எழுந்துபோய் அடுப்படியில் பார்த்தேன். பழைய சிலிண்டர்தான் நின்றது, காலியாக. பால் பாதிச் சூட்டில் ஆடை கட்டிக் கிடந்தது. ஏஜென்சிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். "சார், சிஸ்டத்துல டெலிவரி ஆயிருச்சுன்னு வந்துருச்சு. இனிமே நாங்க ஒண்ணும் பண்ண முடியாது சார்" என்றாள். குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. போனை மேஜை மேல் எறிந்தேன்.

"ஒரு சிலிண்டருக்கா இம்புட்டுக் கோவம்?" என்று வீட்டுக்காரி கேட்டாள். சிலிண்டருக்கு இல்லை என்று அவளுக்கும் தெரியும். முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. இருந்திருந்தால் மத்தியானம் உன் கடைக்கு நடந்து வந்து இதைச் சொல்லியிருப்பேன். நீ டைப்ரைட்டரிலிருந்து கையை எடுக்காமலே ஒரு சிரிப்புச் சிரித்திருப்பாய். அந்தச் சிரிப்பு எனக்கு எப்போதும் பிடிக்காது. ஆனாலும் அதைக் கேட்கத்தான் வருவேன். இப்போது அதுவும் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நம் ஆபீஸ் ஞாபகம் வருகிறது. போடியில் ஏலக்காய்க் கிட்டங்கிக்கு மேல் மாடி. கீழே மூட்டை மூட்டையாகச் சரக்கு. மேலே நீ, நான், அட்டையில் துளை போடும் மிஷின் ஒன்று, மேனேஜர் அறை. மேனேஜர் எந்நேரமும் ஒரு ஏலக்காயை மென்றுகொண்டிருப்பார். தொலியை நம் மேஜை மேல் இருக்கும் கிண்ணத்தில் வந்து துப்பிவிட்டுப் போவார். நாள் முழுக்க அந்த எச்சில் தொலியைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வோம். இன்றைக்கும் என் வீட்டில் பாயசத்துக்கு ஏலக்காய் போட விடுவதில்லை. போடிக்காரன் வீட்டில் ஏலக்காய் இல்லாத பாயசம் என்று சம்பந்தி வீட்டார் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

கம்பெனிக்கு மலையில் ஏழு தோட்டம். விடியற்காலை பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். வந்தவர் வராதவர் விவரத்தைச் செக்ரோல் என்ற நீளமான நோட்டில் எழுதுவார்கள். வெள்ளிக்கிழமை அந்த நோட்டுகள் ஜீப்பில் இறங்கி நம்மிடம் வரும். குரங்கணிக்கு மேலே இருந்த மேத்தோட்டத்துக்கு மட்டும் ஜீப் போகாது. அந்த நோட்டு ஓர் ஆள் தலையில் இறங்கி, குரங்கணியில் ஜீப் ஏறும். புகை வாசமும் அட்டைப்பூச்சி ரத்தமுமாக வரும் அந்த நோட்டை நீ மட்டும்தான் முகம் சுளிக்காமல் விரிப்பாய். நீ அந்தத் தோட்டத்தில் நாலு வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். மலைக்காய்ச்சல் வந்து கீழே இறங்கியவன். நான் சிலமலையில் நெல்லும் வாழையும் போட்ட வீட்டுப் பிள்ளை. மதுரையில் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவன். எனக்கு அந்த நோட்டில் இருந்தவை நம்பர்கள். நீ நம்பரை அட்டையில் அடிக்கும்போதே, "இது மாயாண்டி. இவனுக்கு திங்கக்கிழமைன்னா வயித்துவலி வரும்" என்று சொல்லுவாய்.

மெயின்பிரேம் என்று இப்போது சொல்கிறார்கள். நமக்கு அது 'பெரிய மிஷின்'. மதுரையில் ஒரு கட்டிடம் முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. நம்மைப் போன்ற கம்பெனிகளுக்குச் சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் தருவார்கள். அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நீயும் நானும் பஸ்சில் போவோம். உசிலம்பட்டி வந்தால் நீ கட்டாயம் இறங்கி டீ குடிப்பாய். பெட்டியை நான் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அட்டை வரிசை கலைந்தால் அன்றைய சோலி போச்சு.

மதுரையில் முதல் வேலையை ஓட்டுவோம். வாரத்துக்கு யார் எத்தனை நாள் வந்தார் என்று மிஷின் தாள் தாளாக அச்சடித்துத் தரும். அப்போது நீ ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாக உட்காருவாய். ஏழு தோட்டத்துத் தாளையும் பார்த்துவிட்டு, "சரி, அடுத்ததப் போடு" என்ற பிறகுதான் நான் இரண்டாவது வேலைக்கான அட்டைகளை வைப்பேன். இரண்டாவது வேலை, பெயர் நீக்குவது. தொடர்ந்து இரண்டு வாரம் ஒரு நாள்கூட வராதவரின் பெயரைப் பதிவிலிருந்து எடுத்துவிடலாம் என்பது கம்பெனி விதி.

அதில் ஒரு சிக்கல் உண்டு. உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சிக்கல். ஏழு தோட்டத்துக்கும் ஒவ்வொரு தலைப்பு அட்டை இருந்தால்தான் மிஷின் ஓடும். ஆறு இருந்தால் நின்றுவிடும். மழையில் ஏதாவது ஒரு தோட்டத்துச் செக்ரோல் வராமல் போனால், அந்தத் தோட்டத்துத் தலைப்பு அட்டையை மட்டும் வைத்து, அதன் கீழே ஆள் அட்டை ஒன்றும் இல்லாமல் அனுப்புவாய். அதற்கு 'வெறுந்தலை' என்று பெயர் வைத்திருந்தாய். மிஷின் ஏமாந்துபோய் ஓடும். ஆனால் அந்தத் தோட்டத்தில் ஒருவருமே வேலைக்கு வரவில்லை என்று அச்சடிக்கும். நீ பென்சிலோடு உட்கார்வது அதற்காகத்தான். அந்தத் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அந்தத் தோட்டத்தை விட்டுவிடச் சொல்லி ஓர் அட்டையை என் கையில் தருவாய். இரண்டாவது வேலை அந்தத் தோட்டத்தைத் தொடாது. இது எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் கால் மணியை நீ பென்சிலோடு தின்கிறாய் என்பது மேனேஜரின் புகார். "ஒண்ணு முடிஞ்சா அடுத்தது தானா ஓடணும். அதுக்கு வழி இல்லையா?" என்று என்னிடம் கேட்டார். வழி இருந்தது. எனக்கு அதைச் செய்து காட்ட ஆசையாகவும் இருந்தது. இரண்டு வாரம் உட்கார்ந்து யோசித்து, கட்டளை அட்டைகளைச் சங்கிலியாகக் கோத்தேன். முதல் வேலை பிழையில்லாமல் முடிந்தால் பெயர் நீக்கும் வேலையை ஓட்டு. அது முடிந்தால் நீக்கியவர்களுக்குக் கடிதம் அச்சடி. அதுவும் முடிந்தால் பெயர்ப் பதிவு இருக்கும் டேப்புகளில் மிகப் பழையதை அழித்து அடுத்த வாரத்துக்கு எடுத்துக்கொள். நான் எதையும் தொட வேண்டாம். முதல் அட்டையை வைத்துவிட்டுப் போய்விடலாம்.

வெறுந்தலையை நான் மறக்கவில்லை, மாப்ளே. மறந்திருந்தால்கூட ஒரு நியாயம் இருக்கும். யோசித்தேன். ஒரு வாரம் வெறுந்தலை வந்தால் கெடுதல் இல்லை, இரண்டு வாரம் தொடர்ந்து வந்தால்தானே பெயர் போகும், அது எப்போதாவது நடக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அந்த 'அப்போது பார்த்துக்கொள்ளலாம்' என்ற சொல்லை இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

முதல் தடவை எல்லாம் தானாக ஓடியபோது நீயும் கூட இருந்தாய். கடைசியில் மிஷினோடு சேர்ந்த டைப்ரைட்டரிலிருந்து ஒரு வரி வந்தது. எல்லா வேலையும் பிழையின்றி முடிந்தன. நான் உன் முதுகில் தட்டினேன். நீ அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாய்:

"முடிஞ்சுச்சுன்னு மிஷினு சொல்லிருச்சு. சரியா முடிஞ்சுச்சான்னு எவன் சொல்லுவான் மாப்ளே?"

"உனக்குப் பென்சிலப் புடுங்கிட்டேன்னு வயித்தெரிச்சல்" என்றேன். நீயும் சிரித்துவிட்டாய். மேனேஜர் எனக்கு ஒரு டப்பா முதல் தர ஏலக்காய் கொடுத்தார். அன்றைக்கு என் வீட்டில் பாயசம். நீயும் வந்து இரண்டு டம்ளர் குடித்தாய். அடுத்த வாரத்திலிருந்து உனக்கு மதுரைப் பயணம் இல்லை. நான் மட்டும் பெட்டியோடு போனேன்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. குரங்கணிக்கு மேலே பாதை சரிந்து, மேத்தோட்டத்து ஆள் இறங்கவில்லை. சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் பெட்டியைக் கையில் கொடுக்கும்போது, "மேத்தோட்டம் வெறுந்தலைதான். பாத்துக்க" என்றாய். சரி என்றேன். அடுத்த வாரமும் மழை. அடுத்த வாரமும் அதையே சொன்னாய். கூடவே அந்த விட்டுவிடும் அட்டையையும் பெட்டியின் ஓரத்தில் செருகி, "இத மறந்துராத" என்றாய். அதற்கும் சரி என்றேன்.

அந்த அட்டையை என் புதிய சங்கிலியில் எங்கே வைப்பது என்று நான் இடமே விட்டிருக்கவில்லை. இடம் விட வேண்டுமானால் சங்கிலியை நடுவில் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் கால் மணி போகும், மேனேஜர் கேட்பார். இந்த ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்று முதல் அட்டையை வைத்துவிட்டு எதிர்க் கடைக்குப் பரோட்டா தின்னப் போனேன். திரும்பி வந்தபோது எல்லாம் பிழையின்றி முடிந்திருந்தது. கடிதங்கள் அச்சாகி மடிந்து கிடந்தன. எத்தனை என்றுகூட எண்ணாமல் தபாலுக்குக் கொடுத்தேன்.

பாதை சரியாக இன்னும் பத்து நாள் பிடித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், தோட்டத்தில் வேலை செய்யும் ஒச்சம்மா நம் மாடிப்படி ஏறி வந்தாள். மேத்தோட்டத்திலிருந்து குரங்கணி வரை நடந்து, அங்கிருந்து லோடு ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்திருந்தாள். கடிதத்தை ஜவ்வுத்தாளில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். என்னை அவள் பார்க்கவே இல்லை. நேரே உன்னிடம்தான் வந்தாள்.

"கணக்கப்பிள்ளை, எம்பேரு இல்லைங்கிறாக. லயத்த விட்டுப் போகச் சொல்லி எழுதியிருக்குன்னு டிரைவரு படிச்சுச் சொன்னாரு. நான் தெனமும் பெரட்டுக்கு நின்னேனே. அந்த மழையிலயும் நின்னேன். எம்பேரக் கூப்புட்டாக, நானும் இருக்கேன்னு சொன்னேன். பொறகு எப்படி இல்லாமப் போவேன்?"

"உனக்கு மட்டுமா ஆத்தா வந்துருக்கு?"

"தோட்டம் பூராவுக்கும் வந்துருக்கு அப்பு."

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் மேஜை மேலிருந்த எச்சில் தொலிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அந்த அட்டைய வச்சியா?" என்று கேட்டாய். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

நாற்பத்தொரு பெயர். மேத்தோட்டத்தில் ஒருவர் பாக்கியில்லை. அவர்கள் எப்போது வேலைக்குச் சேர்ந்தார்கள் என்ற விவரமும் பெயரோடு சேர்ந்து போய்விட்டது. அது இருந்தால்தான் பழைய ஆள். பழைய ஆளைத் தோட்டம் மாற்ற முடியாது, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டைக் காலி செய்யச் சொல்ல முடியாது. பழைய பதிவேடுகள் இருந்தனவா என்றால், கம்ப்யூட்டர் வந்த வருஷமே அவற்றை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புப் பற்றவைக்கக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பதிவேட்டைப் பார்த்து முதன்முதலில் அட்டை அடித்தவன் நீ. அந்த அட்டைகளும் எடைக்குப் போயாயிற்று.

மேனேஜரிடம் இருவரும் போனோம். நான் ஏதோ முணுமுணுத்தேன், நீதான் முழுதாகச் சொன்னாய். அவர் ஏலக்காயை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளினார்.

"பாவம்தான். ஆனா ரெக்கார்டுல பேர் இல்லையே. எல்லாரையும் புதுசா சேந்துக்கச் சொல்லுங்க. நான் யாரையும் வேண்டாம்னு சொல்லலையே."

"அவுக இருவது வருசத்து ஆளுக சார்" என்றாய்.

"இருந்தாங்க" என்றார்.

மேத்தோட்டத்து ஆட்கள் அந்த வைகாசியில், ஒழுகும் லயத்துக்குக் கூரைத் தகரம் கேட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்தவர்கள். அவர் அதை மறக்கவில்லை. மிஷின் தானாக ஒரு தப்பைச் செய்து அவர் மடியில் போட்டிருந்தது. அதைத் திருத்த அவருக்கு என்ன தலையெழுத்து? புது ஆள் என்றால் எந்தத் தோட்டத்துக்கும் தள்ளலாம். அவர் முகத்தில் கள்ளத்தனம்கூட இல்லை, மாப்ளே. நிம்மதி இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

வெளியே வந்ததும் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினாய். "டேப்பு இருக்குல்ல?" என்றாய்.

இருந்தது. டேப்பை மூன்று தலைமுறை வைத்திருப்போம். இந்த வாரத்தது மகன், போன வாரத்தது அப்பா, அதற்கும் முந்தினது தாத்தா. புது வாரம் ஓடி முடிந்ததும் தாத்தாவை அழித்துவிடுவோம். அன்றைய கணக்குக்குத் தாத்தா டேப்பில் நாற்பத்தொரு பெயரும் சேர்ந்த தேதியோடு அப்படியே இருந்தன. வரும் சனிக்கிழமை வேலை முடிந்தால் அதுவும் போய்விடும். என் சங்கிலியின் கடைசிக் கண்ணி அதுதான்.

"கடைசி அட்டைய ஒண்ண மட்டும் எடுத்துரு. வேற ஒண்ணும் செய்ய வேணாம். டேப்பு இருந்தா என்னைக்காச்சும் எவன்கிட்டயாச்சும் காட்டலாம். ஒத்த அட்டை மாப்ளே" என்றாய்.

எடுக்கிறேன் என்றேன். உன் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன். அப்போது மனசாரத்தான் சொன்னேன் என்று இன்னும் நம்ப விரும்புகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். மெட்ராஸ் ஆபீசுக்கு என் பெயரைச் சிபாரிசு செய்து எழுதியிருப்பதாகச் சொன்னார். டேப்பைப் பற்றி அவருக்கு எப்படித் தெரிந்ததோ, மதுரையில் யாரிடமாவது கேட்டிருப்பார். "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டியதில்லை. எப்பவும்போல ஓடட்டும். தானா நடக்கறதுக்குத்தானே இந்த ஏற்பாடு?" என்றார். தப்பு செய் என்று அவர் சொல்லவே இல்லை. ஒன்றும் செய்யாதே என்றார். அதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் உண்டா?

சனிக்கிழமை அந்த மிஷின் முன்னால் நின்றேன். கடைசி அட்டையை விரலால் தொட்டேன். ஓரத்தில் லேசாக நைந்திருந்தது, அதுகூட ஞாபகம் இருக்கிறது. இழுத்தால் வந்துவிடும். மெட்ராஸை நினைத்தேன். என் அப்பா சிலமலையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டதை நினைத்தேன். கையை எடுத்தேன். அன்றைக்குப் பரோட்டா தின்னப் போகவில்லை. நின்று பார்த்தேன். ஒன்று முடிந்தது, அடுத்தது ஓடியது, அது முடிந்தது, தாத்தா டேப் சுழன்றது. கடைசியில் அதே வரி வந்தது. எல்லா வேலையும் பிழையின்றி முடிந்தன. நான் ஒன்றுமே செய்யவில்லை, எல்லாம் தானாக நடந்தது என்று பஸ்சில் திரும்பும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். உசிலம்பட்டியில் இறங்காமல் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை நீ கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாய், போதும். அன்றைய அட்டைகளை முடித்தாய், மிஷினுக்குத் துணி உறையைப் போட்டாய், செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாய். அதற்குப் பிறகு அந்த மாடிக்கு நீ ஏறவில்லை. மேத்தோட்டத்து ஆட்கள் மனுப் போடவும் இல்லை. புதுச் சீட்டில் கைநாட்டு வைத்தால்தான் லயத்தில் இருக்கலாம் என்றார்கள். அடை மழையில் பிள்ளை குட்டிகளோடு எங்கே போவார்கள்? எல்லாரும் வைத்தார்கள். தை பிறந்ததும் அவர்களைப் பிரித்து ஆளுக்கொரு தோட்டமாக அனுப்பினார்கள். நான் மெட்ராஸ் போனேன்.

மெட்ராஸில் முப்பது வருஷம் இதே வேலைதான். ஒன்று முடிந்தால் அடுத்தது ஓட வழி செய்வது. கோத்த ஒவ்வொரு சங்கிலியிலும் ஒரு மனுஷன் பார்த்துச் சரி என்று சொல்லும் இடம் ஒன்றை வைத்தேன். அதற்காகப் பழைய பஞ்சாங்கம் என்று பேர் வாங்கினேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

முதல் தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது உன்னைத் தேடி வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மனு டைப் அடிக்கும் கடை வைத்திருந்தாய். திட்டுவாய் என்று எதிர்பார்த்து, அதற்குத் தயாராக வந்திருந்தேன். நீ டீ சொன்னாய். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டாய். நான் எழுந்திருக்கும்போது சொன்னாய்:

"ஒச்சம்மா. அறுபத்தொண்ணு, ஆவணி."

எனக்குப் புரியவில்லை. பஸ்சில் ஏறிய பிறகுதான் புரிந்தது, அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷமும் மாதமும். அடுத்த பொங்கலுக்கு வந்தபோது, "மாயாண்டி. அம்பத்தெட்டு, தை" என்றாய். அதற்கடுத்து இருளாயி. பிறகு சங்கிலி, அவன் தம்பி மூக்கன். நாலு வருஷம் விடியற்காலை வாயால் கூப்பிட்ட பெயர்கள், அட்டையில் கையால் அடித்த தேதிகள், உனக்கு மறக்கவில்லை. ஒரு வரவுக்கு ஒரு பெயர், கூட ஒன்று கேட்டால் தரமாட்டாய். நான் ஓய்வு பெற்று ஊரோடு வந்த பிறகும் வருஷத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் தரவில்லை. சில வருஷம் நான் ஊருக்கே வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். உன் கடையைத் தவிர்த்து வேறு தெரு வழியாகப் போன நாட்களும் உண்டு. ஆனால் நான் திரும்பி வந்தபோதெல்லாம் நீ விட்ட இடத்திலிருந்துதான் ஆரம்பித்தாய். ஒருமுறை எரிச்சலில், "இன்னும் எத்தனை வருஷத்துக்குடா இத வச்சு என்னைக் குத்துவ?" என்று கத்தினேன்.

நீ பொறுமையாகத்தான் சொன்னாய். "குத்தலடா கிறுக்கா. என் மண்டைக்கு வயசாகுது. இத எங்கயாச்சும் எறக்கி வைக்கணும்ல. டேப்ப அழிச்சவன் நீதான? நீயே வாங்கிக்க."

போன மாசியில் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தேன். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பேச வேண்டாம் என்றேன். "பேச்சி. அறுபத்தாறு, பங்குனி" என்றாய். பிறகு விரலை நீட்டி, "நாப்பது ஆச்சு. இன்னும் ஒண்ணு இருக்கு. நாளைக்கு வெரசா வா" என்றாய். இப்போதே சொல் என்று கெஞ்சினேன். கண்ணை மூடிக்கொண்டாய். ஒரு வரவுக்கு ஒன்றுதான் என்ற உன் பிடிவாதம் அப்போதும் விடவில்லை. மறுநாள் எட்டரை மணிக்கு வந்தேன். கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இன்றைக்குச் சிலிண்டர் கோபம் தணிந்த பிறகு ஒரு தாளை எடுத்து நாற்பது பெயரையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். வருஷம், மாதம், எல்லாம் வந்தன. உன் குரலிலேயே வந்தன. நாற்பத்தொன்று என்று எண் போட்டு எதிரே காலியாக விட்டேன். பழக்கதோஷம், என் கை அதில் ஒரு கோடு இழுத்து முடிக்கப் போனது. பேனாவைக் கீழே போட்டுவிட்டேன். இன்னொரு வெறுந்தலை அட்டையை நான் வைக்க மாட்டேன்.

ஒச்சம்மாவின் மகள் இப்போது குரங்கணியில் இருக்கிறாளாம். ஜீப் ஸ்டாண்டில் விசாரித்தேன். நாற்பது வருஷமாக அந்தப் பக்கமே போகாதவன், காலையில் முதல் ஜீப்பில் ஏறப் போகிறேன். தாளைக் காட்டி, இதில் யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று அவளிடம் கேட்பேன். அவளுக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் அவள் தாளைக் கையில் வாங்குவதற்கு முன்னால், "நீங்க யாரு?" என்று கேட்பாள்.

அதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும், மாப்ளே.